கால் ஊன்றாமல் ஓர் எட்டு





சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும். தென்மாவட்ட ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, ரேஷன் கடை, வயல், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எங்கே போனாலும் அவருக்கு ஸ்கூட்டர்தான். ஆனால் லைசென்ஸ் இல்லை. எல்.எல்.ஆர். போட்டிருக்கிறார்; ஆறு மாதம் ஓடி, அது காலாவதியாகியும் விட்டது. டெஸ்டுக்கு மட்டும் போகவில்லை. “வண்டிக்குப் பயமில்லை, அந்த எட்டுக்குத்தான் பயம்” என்று முடித்திருந்தார்.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. காலை நேரத்தில் எந்த ஆர்.டி.ஓ. மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். கல்லூரி மாணவி, கொத்தனார், ஓய்வு பெறப் போகும் அரசு ஊழியர் என எல்லோரும் ஹெல்மெட்டும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் கடைசி நேரப் பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருப்பார். பிரேக் இன்ஸ்பெக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், வீட்டிலிருந்து அதுவரை சமர்த்தாக வந்த வண்டி யாரோ ஒருவருடைய வண்டிபோல ஆகிவிடும். சைடு ஸ்டாண்டை எடுக்காமலே கிளம்புகிறவர்களும் உண்டு.

ஓட்டத் தெரிந்தவருக்கே ஏன் இப்படி ஆகிறது? எட்டு சோதிப்பது வேகத்தை அல்ல, நிதானத்தை. ஓரளவு வேகத்தில் போகிற இருசக்கர வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். நடை வேகத்தில் அந்த உதவி கிடைக்காது. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பி நாம்தான் அதை நிறுத்தவேண்டும். அதற்குத் தோள் தளர்ந்திருக்க வேண்டும், முழங்கை மடங்கியிருக்க வேண்டும். பயம் வந்தால் முதலில் விறைப்பது இந்த இரண்டும்தான். இறுகிப்போன வலது கை நம்மை அறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். வண்டி துள்ளும். பதறி முன் பிரேக்கைப் பிடிப்போம். திரும்பியிருக்கும் முன்சக்கரம் சட்டென்று நிற்க, வண்டி சாயும். கால் தரையைத் தொட்டிருக்கும். எல்லாம் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும்.

ஆகவே “பயப்படாதே” என்று சொல்லி அனுப்புவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பயம் இருக்கட்டும். கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்துவிட்டால் போதும். கியர் வண்டி என்றால் முதல் கியர், ஹாஃப் கிளட்ச், வலது காலால் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி போவது. ஸ்கூட்டர் என்றால் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, இடது கையால் பின் பிரேக்கைத் தொட்டும் விட்டும் வேகத்தை அடக்குவது. வளைவில் முன் பிரேக் பக்கம் விரலே போகக்கூடாது. பார்வை முன்சக்கரத்தில் நிற்கக்கூடாது. அடுத்து எங்கே திரும்பவேண்டுமோ அங்கே போய்விட வேண்டும். கோட்டையே பார்த்தால் வண்டி கோட்டுக்குத்தான் போகும்.

தெருமுனைக் காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் முதலில் பெரிய எட்டாகப் போட்டுப் பழகுங்கள். நாளுக்கு நாள் அதைச் சிறிதாக்கிக்கொண்டே வாருங்கள். பழகிய வண்டியிலேயே டெஸ்டுக்குப் போங்கள். பழகாத கிளட்சோடு அன்றைக்குச் சண்டை போடவேண்டாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்: ஸ்கூட்டரில் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் கிடைக்கும். வீட்டில் நிற்கும் பைக்கையும் எடுக்கும் எண்ணம் இருந்தால் கியர் வண்டியிலேயே பழகிக்கொள்வது நல்லது.

தவறிவிட்டால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால்தான் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். கால் ஊன்றுகிறவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தேதான் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

டெஸ்டுக்குப் போகாமலே இருப்பதற்குத்தான் விலை அதிகம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் விபத்தில்தான் வரும். நம் வண்டிக்கான காப்பீட்டுத் தொகை கைக்கு வராமல் போகலாம். அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை வண்டியின் உரிமையாளரிடமே திருப்பி வசூலிக்கச் சொல்லி நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. எல்.எல்.ஆரும் எல் போர்டும் பழகுவதற்குத்தான். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதற்கு அவை போதாது. “எட்டெல்லாம் போடவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் தரகரும் வேண்டாம். அவர் தருகிற அட்டை, மழை நாளில் குறுகலான சந்தில் வண்டியைத் திருப்ப உதவாது.

இதையெல்லாம் அந்த வாசகிக்குப் பதிலாக எழுதிக்கொண்டிருந்தபோது, அவருடைய பயம் எட்டைப் பற்றியதே அல்ல என்று தோன்றியது. தினமும் சந்தையில் ஆட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே வளைந்து போகிறவர் அவர். அந்த மைதானத்தில் புதிதாக இருப்பது வேடிக்கை பார்க்கும் கண்கள் மட்டும்தான். குழந்தை சைக்கிள் பழகும்போது விழுந்தால், தெருவே ஓடிவந்து தூக்கிவிடும். நாற்பது வயதில் விழுந்தால் சிரிப்பார்களே என்ற கூச்சம். நாலு பேர் முன்னால் மறுபடி மாணவியாக நிற்கிற கூச்சம்.

இந்தக் கூச்சத்தைக் கடந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். வயல் வேலை பார்த்தவர்களும், கல் உடைத்தவர்களும், ஊர் பார்க்க, கேலிப் பேச்சுகளுக்கு நடுவில் விழுந்து எழுந்து கற்றார்கள். 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான மானிய விலை ஸ்கூட்டர் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அரசு தந்தது. ஓட்டுவதற்கான உரிமம் கையில் இருக்கவேண்டும் என்பதால் அந்த நாட்களில் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் அலைமோதியது. அவர்களுக்கும் கை நடுங்கியிருக்கும். நடுக்கம் நின்ற பிறகுதான் போவேன் என்று காத்திருந்தால் யாரும் கிளம்பியிருக்க முடியாது.

உண்மையில், அந்த வரிசையில் நிற்பவர்கள் யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் மனசுக்குள் தன்னுடைய எட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பார்ப்பார், ஆனால் அவர் பார்ப்பது உங்கள் முகத்தையோ வயதையோ அல்ல, காலை ஊன்றுகிறீர்களா, கோட்டைத் தாண்டுகிறீர்களா என்பதை. பயந்தால் மதிப்பெண் குறைப்பதற்கு அவரிடம் விதி ஏதும் இல்லை.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் டெஸ்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவோ தம்பியோ மனைவியோ இருந்தால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை அவர்களுக்குக் கொடுங்கள். கால் ஊன்றினால் சிரிக்காதீர்கள். “இன்னொரு தடவை” என்று மட்டும் சொல்லுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: மறுபடி எல்.எல்.ஆர். போடுங்கள். முப்பது நாள் கழிந்ததும் டெஸ்டுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். முதல் முறையே தேறினால் எழுதுங்கள். தேறாவிட்டாலும் எழுதுங்கள், அடுத்த தேதியைச் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்