நாவல்பழ சென்ட்... ஒரு துளி!

"மச்சி, இதை மோந்து பாரேன். டார்க் ப்ளம்மாம், சாக்லேட் கேக்காம்!"

கேன்டீனில் ஃப்ரெண்ட் ஒருத்தன் மணிக்கட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான். விலையைக் கேட்டால், என் ஒரு மாச டீ, ஜெராக்ஸ், ரீசார்ஜ் எல்லாம் சேர்த்தாலும் பத்தாது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். "உனக்கெல்லாம் வாசனை தெரியுமா? நீ திருவொற்றியூராச்சே!" என்று ஒரு கமென்ட். மொத்த டேபிளும் சிரித்தது. (நானும் சிரிச்சேன். அதான் கடுப்பு!)

அன்றைக்கே சபதம். நம்ம ஊர் கறுப்புப் பழம், நம்ம ஊர் பலகாரம் ரெண்டையும் வெச்சு ஒரு சென்ட். கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிச்சுட்டு இதுகூடப் பண்ணலைன்னா எப்படி பாஸ்?

முதல் பலி நாவல்பழம். தள்ளுவண்டியில் வாங்கி, பாதியை உப்பு தொட்டுத் தின்றுவிட்டு, மீதியை ஆல்கஹாலில் ஊறப்போட்டேன். (லேப் அண்ணன் அனுமதியோடதான்!) ரெண்டே நாளில் சூப்பர் ஊதா கலர். வாசனை? ஊஹூம். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நாவலைக் கறுப்பாக்கும் ஆந்தோசயனின் ஆவியாகாது. ஆவியாகாத எதுவும் மூக்குக்கு வந்து சேராது. நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு, டானின் செய்யும் வேலை. அது வாசனையே கிடையாது, தொடு உணர்ச்சி. அதனால, பாட்டிலில் கறுப்புப் பழம் படம் போட்டிருந்தா உள்ளே பழம் இருக்கும்னு நம்பிடாதீங்க மக்களே. மல்லிகைன்னா ஹெக்ஸேனில் ஊறவைத்து வாசனையை உருவிவிடலாம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லி அப்படித்தான் வெளிநாட்டு சென்ட்டுக்குள் போய் உட்காருகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மாதிரி சிலதை விட்டால், பழங்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது. நாலு மாலிக்யூலைச் சேர்த்து, பழத்தை மிமிக்ரிதான் பண்ணணும்.

அடுத்து பனம்பழம். கறுப்புத் தோல், ஆரஞ்சுச் சதை, தெருமுனையிலேயே மூக்கைத் துளைக்கும். குக்கர் வெயிட்டைக் கழற்றி, ரப்பர் டியூப் மாட்டி, ஆவியை வடித்தேன். கிடைத்தது அரை டம்ளர் தண்ணீர். வாசனை முழுக்க குக்கரில்! மூணு நாளைக்கு எங்க வீட்டில் பனம்பழ சாம்பார். அம்மா பேசியதை இங்கே எழுதினால் எடிட்டர் கட் பண்ணிவிடுவார்.

பலகாரம்தான் கைகொடுத்தது. இனிப்பு வாசனை சென்ட்டுகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1992-ல் பிரான்ஸில் வந்த 'ஏஞ்சல்'. அதில் மெயின் ஆள் எத்தில் மால்ட்டால். மோந்தால் அப்படியே நம்ம திருவிழா பஞ்சுமிட்டாய். வெனிலினை 1874-லேயே பைன் மரச் சத்திலிருந்து லேபில் செய்துவிட்டார்கள். ரெண்டையும் பாரிமுனை எசென்ஸ் கடையில் விசாரித்து வாங்கினேன். வெந்தயத்தில் சோட்டோலான் என்று ஒரு சமாசாரம், பாகு மாதிரியே மணக்கும். வறுத்த வெந்தயம், சுக்கு, ஏலக்காய் எல்லாம் ஊறியது. கடைசியாக, ஒற்றியூர் கோயில் தலமரமான மகிழமரத்தின் பூ. காய்ந்தாலும் மணக்குற ஆள், எங்க ஏரியா ஆள்!

டெஸ்ட் பண்ண நல்ல மூக்கு வேணுமே? எங்க குடும்பத்தில் பெஸ்ட் மூக்கு எண்ணூர் சின்னக்குப்பத்தில் இருக்கிறது. அத்தை. மீனைத் தொடாமலே, எத்தனை நாள் ஐஸில் இருந்ததுன்னு சொல்லிடுவாங்க.

2023 டிசம்பர். மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெய் நாற்றமே இன்னும் போகாத நேரம். 26-ம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. சின்னக்குப்பம், பெரியகுப்பம் ஜனங்கள் கண் எரிச்சலோடு, மூச்சுத் திணறி, ராத்திரியோடு ராத்திரியா ரோட்டுக்கு ஓடினார்கள். 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். அத்தை வீட்டில் அன்றைக்கு அடித்த ஒரே சைரன் அவங்க மூக்குதான். பிள்ளைகளை எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடியிருக்காங்க. அதற்கப்புறம் பக்கத்து வீட்டில் ஹேர் டை போட்டாலும் எழுந்து வாசலுக்கு வந்துடுவாங்க. அதுலயும் அமோனியா இருக்கே!

என் சென்ட்டில் தோய்த்த பேப்பர் துண்டை நீட்டினேன். அத்தை அதை மூக்கருகே கொண்டுபோகலை. கையைத் தள்ளிப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையால் காற்றை மெதுவா முகத்துப் பக்கம் விசிறினாங்க. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மெத்தட். அத்தைக்கு யாரும் கிளாஸ் எடுக்கலை.

ரெண்டு தடவை விசிறினாங்க. அப்புறம்தான் கிட்டே கொண்டுபோனாங்க.

"இன்னாடா இது... அதிரசமா?"

"ஆமா அத்தை. நாவல்பழம்கூட வருதா?"

"நாவலும் இல்லை, ஒண்ணும் இல்லை. அதிரசம்தான். எள்ளு போட மறந்துட்டியே கண்ணு!"

பேப்பரைத் திருப்பித் தரவே இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

வறுத்த எள் வாசனைக்குப் பைரசின் வகையறா வேணும். இந்தச் சனிக்கிழமை மறுபடி பாரிமுனை போகணும்.