மூடும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடி, மின் இணைப்பைத் துண்டிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் ஆயக்கட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாக நடத்திய வழக்கின் விளைவு அது. ஆனால் ஆலையை மூடவும் மின்சாரத்தை நிறுத்தவும் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1988-இல் வந்த திருத்தமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. அந்த அதிகாரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் கோப்பில் தூங்கியது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் பாருங்கள். சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக அரசு கட்டிய அணை 1992-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட, அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. அணை கட்டியது ஒரு துறை, பட்டறைக்கு இசைவு தந்தது இன்னொரு துறை, ஏற்றுமதி வருமானத்தைக் கொண்டாடியது மொத்த அரசாங்கம்.

அதிகாரத்தைத் தாமதமாகப் பயன்படுத்தினால் அதன் அடி முதலில் தொழிலாளர்கள் மேல்தான் விழும். பட்டறைகள் மூடியபோது மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனது அவர்கள்தான். பிறகு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, தண்ணீரை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை வேரூன்றியது. முடியாது என்று உற்பத்தியாளர்கள் சொல்லிவந்த வேலைதான் அது. கட்டாயமும் பணமும் சேர்ந்து வந்ததும் முடிந்தது.

கோவை அருகே உள்ள தடாகம் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். யானைகள் நடமாடும் மலையடிவாரத்தில் செம்மண்ணை ஆழ ஆழத் தோண்டி எடுத்தார்கள். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் 2021-இல்தான் மூடப்பட்டன. அதற்கும் வழக்குகள் தேவைப்பட்டன. மண் லாரியும் செங்கல் லாரியும் ஒளிந்து போகவில்லை; பட்டப்பகலில் அதிகாரிகளின் கண்ணெதிரேதான் போயின.

அரசுக்கு அதிகாரம் போதவில்லை என்ற வாதத்தை இந்த இரண்டு வழக்குகளுக்குப் பிறகும் ஏற்க முடியாது. குறை, அதிகாரத்தைப் பயன்படுத்தாதவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. மூடாமல் விட்ட ஆண்டுகளுக்கு எந்த அலுவலகம் விளக்கம் கொடுத்தது?

ஒவ்வொரு ஆலைக்கும் தந்த இசைவு, கடைசியாகச் சோதித்த தேதி, நீரில் இருந்த உப்பின் அளவு ஆகியவற்றை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வாரியம் உத்தரவிட வேண்டும். கிராமசபையில் அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை ஆயக்கட்டு விவசாயிக்கு வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.