செலவுக் கணக்கும் குடிகளின் மானமும்

இந்திய சர்க்காரின் புள்ளி விவர இலாகாவார் குடும்பங்களின் செலவுக் கணக்கை எடுத்து வருவது பலரும் அறிந்ததேயாகும். 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரையில் 8,723 கிராமங்களிலும் 6,115 நகரப் பகுதிகளிலுமாக 2,61,746 குடும்பங்களிடம் இக்கணக்கு எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலும் 2,61,953 குடும்பங்களிடம் எடுத்தார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று 405 இனங்களைப் பற்றிக் கேட்டார்கள். அரிசிக்கு என்ன, பருப்புக்கு என்ன, வெற்றிலை புகையிலைக்கு என்ன, குடிக்கு என்ன, வைத்தியத்திற்கு என்ன, வீட்டில் பிரிட்ஜ் உண்டா, மோட்டார் சைக்கிள் உண்டா, ரேஷனில் இனாமாக வந்தது எவ்வளவு என்பவை மாத்திரமல்லாமல், மதம் என்ன, எந்த ஜாதிப் பிரிவு என்பது வரையில் கேள்வி உண்டு. 2011-12 ஆம் ஆண்டுப் படிவத்தில் புரோகிதருக்குக் கொடுத்ததற்குக்கூட ஒரு வரி இருந்தது. அந்த ஒரு கணக்கையாவது நம் மக்கள் வருஷத்துக்கு ஒரு தரம் கூட்டிப் பார்ப்பார்களானால் மெத்த நலமென்போம்.

இவ்வளவையும் சர்க்காருக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கணக்கு வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஏழையின் வறுமையைத் தலைவிதி என்றும், முன் ஜென்ம வினை என்றும் சொல்லி வயிறு வளர்ப்பவனுக்குத்தான் கணக்கு வேண்டியதில்லை. பகுத்தறிவுக்காரனுக்குக் கணக்குத்தான் சாட்சி. மேற்படி 2022-23 கணக்கில், கிராமத்தான் ஒருவனுக்கு மாதச் செலவு சராசரி 3,773 ரூபாய், நகரத்தானுக்கு 6,459 ரூபாய் என்றும், கிராமத்தான் செலவழிக்கும் நூறு ரூபாயில் 46 ரூபாய்க்கு மேல் சாப்பாட்டுக்கே போகிறது என்றும் கண்டிருக்கிறது. விலைவாசியை அளப்பதற்கும், வறுமையை மதிப்பதற்கும் இதுவே அடிப்படை. இது இல்லாவிட்டால் எவன் அதிகமாகக் கூச்சல் போடுகிறானோ அவன் சொன்னதே கணக்காகிவிடும்.

நிற்க, ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கென்பது சாமான்யமான விஷயமல்ல. அதில் அவன் வயிறு தெரியும், வியாதி தெரியும், பழக்க வழக்கம் தெரியும். இதுவரை நம் மக்களின் இப்படிப்பட்ட இரகசியங்களை அறிந்து வைத்திருந்தவர்கள் யார்? புரோகிதன், ஜோசியன், வட்டிக்கடைக்காரன் ஆகிய மூவருமே. அறிந்ததைக் கொண்டு அவர்கள் செய்ததென்ன? குடியானவனின் குடுமியைப் பிடித்து ஆட்டினார்கள். அந்த மூவரோடு நான்காவதாக சர்க்காரும் சேர்ந்து கொள்ளுமானால் நாம் அடைந்த விடுதலைதான் என்ன?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2008 ஆம் ஆண்டுப் புள்ளி விவரச் சேகரிப்புச் சட்டம், இவ்விதம் வாங்கிய செய்தியைப் புள்ளி விவரக் காரியத்திற்கே பயன்படுத்த வேண்டுமென்கிறது. அந்தரங்கம் என்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தால் மாத்திரம் போதுமா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கு 1940 இல் எடுத்த ஜனக்கணக்குக்கும் இரகசியம் காப்பதாகத்தான் வாக்குக் கொடுத்தார்கள். யுத்தம் வந்தது. 1942 இல் வேறொரு சட்டம் போட்டு அந்த வாக்கைத் தளர்த்தி விட்டார்கள். ஜப்பானிய வம்சத்தார் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற கணக்கு ராணுவத்துக்குப் போயிற்று. 1943 இல் சிலருடைய பெயரும் விலாசமுமே வேறு இலாகாவுக்குக் கொடுக்கப்பட்டன. அவ்வம்சத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஆகவே, இன்றைய மந்திரிகளின் நல்லெண்ணத்தை நம்பி மாத்திரம் இருக்கக் கூடாது. நாளை யார் வந்தாலும் மீற முடியாதபடி காவல் இருக்க வேண்டும்.

பெயரை அடித்து விட்டோம், இனி யாருக்கும் தெரியாது என்பதும் போதாது. பெயர் நீக்கிய விவரங்களை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுப்பது நல்ல காரியமே. அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு சிறு ஊரில் ஒன்பது பேர் உள்ள குடும்பம், இன்ன ஜாதி, இன்ன தொழில், வாசலில் கார் ஒன்று என்றால் அது யார் வீடு என்று சொல்ல ஜோசியனா வேண்டும்? ஊர்க் குழந்தை கூடச் சொல்லிவிடும். எனவே, அடையாளம் கூறும் விவரங்களை மழுக்கிய பிறகே வெளியில் விட வேண்டும்.

இனி, மற்றொரு அக்கிரமத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017-18 இலும் இப்படியே ஜனங்களைக் கேட்டுக் கணக்கு எடுத்தார்கள். விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு 1,501 ரூபாயிலிருந்து 1,446 ரூபாயாகக் குறைந்து விட்டதென்று ஒரு பத்திரிகை வெளியிட்டது. உடனே 2019 நவம்பரில் சர்க்கார், கணக்கின் தரம் சரியில்லையென்று சொல்லி அதை வெளியிட மறுத்து விட்டது. தரம் சரியில்லையென்றால் கணக்கை அம்பலத்தில் வைத்து, குற்றம் இன்னதென்று காட்டுவதல்லவா யோக்கியமான வழி? 2011-12க்குப் பிறகு 2022-23 வரையில் நாட்டுக்கு ஒரு செலவுக் கணக்கே இல்லாமல் போயிற்று.

வீட்டின் பெயர் வீட்டானுடையது. அதை மறைக்க வேண்டும். நாட்டின் கூட்டுத்தொகை நாட்டு மக்களுடையது. அதை வெளியிட வேண்டும். ஒன்றை வெளியில் விடுவதும், மற்றொன்றைப் பூட்டி வைப்பதும் தலைகீழான தர்மமாகும்.

இரகசியம் காப்பது சர்க்கார் நமக்குச் செய்யும் தயவு என்று யாரும் எண்ண வேண்டாம். பிரிட்ஜ் உண்டென்று சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமோ என்று ஏழை பயப்படுகிறான். வருமான வரிக்காரன் வருவானோ என்று பணக்காரன் பயப்படுகிறான். பயந்தவன் வாயிலிருந்து உண்மை வராது. ஆதலால், இரகசியம் காக்காத சர்க்காருக்குப் பொய்க் கணக்குத்தான் கிடைக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்: கணக்கெடுக்க வருகிறவர் அத்தாட்சியைக் காட்டி, காரியம் இன்னதென்று மக்கள் பாஷையில் விளக்க வேண்டும். ஊர்ப் பெரிய மனிதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஜாதியையும் கடனையும் உரக்கக் கேட்கக் கூடாது. அடுப்படிக் கணக்கை அறிந்தவள் பெண்ணாதலால் அவளையும் கேட்க வேண்டும். போலீசுக்கோ, வரி இலாகாவுக்கோ, ரேஷன் ஆபீசுக்கோ ஒரு குடும்பத்தின் விவரமும் போகக் கூடாது. முடிவு சர்க்காருக்கு இனித்தாலும் கசந்தாலும் குறித்த காலத்தில் வெளிவர வேண்டும்.

தோழர்களே! கணக்கெடுக்க வந்தவரை நாயை விட்டு விரட்டவும் வேண்டாம். எஜமானன் வந்து விட்டானென்று கை கட்டி நிற்கவும் வேண்டாம். திண்ணையில் உட்கார வைத்து, "இது யாருக்குப் போகும், எங்கே வெளிவரும்?" என்று முதலில் கேளுங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் உரிமை சர்க்காருக்கு மாத்திரம் உரியதல்ல.