பலான கம்பெனி ஷேரும் மந்தகால மகாத்மியமும்

பொருளாதார மந்தம் என்று பேச்சு எழுந்தால் போதும், நம்ம ஷேர் மார்க்கெட் பண்டிதர்கள் பழைய பொன்மொழி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்துவிடுவார்கள். "எது விற்காவிட்டாலும் மூணு விற்கும் சார். சரக்கு, சிகரெட்டு, அப்புறம் அது." அந்த 'அது' வரும்போது மட்டும் குரல் ஒரு கட்டை இறங்கும். வேலை போனவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பான், சும்மா இருப்பவன் வேறு என்னத்தைப் பார்ப்பான், ஆகவே பலான கம்பெனி ஷேரை வாங்கிப் போடு. இவ்வளவுதான் லாஜிக்.

நான் இருப்பது அகமதாபாத்தில். இங்கே டீக்கடைக்குக் கிட்லி என்று பேர். கிட்லியில் நின்று கட்டிங் சாய் குடிப்பவர்களில் பாதிப்பேர் கையில் மொபைல், மொபைலில் ஷேர் விலை. மதுவிலக்கு அமலில் இருக்கும் ஊரில் சாராயக் கம்பெனி ஷேர் வைத்துக்கொண்டு டிவிடெண்ட் வாங்கும் மகானுபாவர்கள் நிறைய. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சாராயக் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது. ஆனால் அதே மூச்சில் 'அமெரிக்காவில் பலான கம்பெனி லிஸ்ட் ஆகியிருக்கு, மந்தத்துக்கு அசையாது' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒழுக்கத்துக்காக அல்ல. கணக்குக்காக.

மேட்டருக்கு வருவோம் (எந்த மேட்டர் என்று கேட்காதீர்கள்).

2009 ஜனவரி. அமெரிக்காவில் கார் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கையேந்தி காசு வாங்கிய சூடு ஆறவில்லை. ஹஸ்ட்லர் பத்திரிகை முதலாளி லாரி ஃபிளின்ட், ஜோ ஃபிரான்சிஸ் என்ற இன்னொரு பலான பட முதலாளியோடு சேர்ந்து, எங்கள் தொழிலுக்கும் 500 கோடி டாலர் கொடுங்கள் என்று அமெரிக்க காங்கிரசிடம் கேட்டார். விளம்பரத்துக்கு அடித்த கூத்துதான், ஒருத்தரும் பைசா கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கூத்தின் நடுவே அவர்கள் சொன்ன ஒரு கணக்கு எனக்கு முக்கியம். ஒரே வருஷத்தில் டிவிடி விற்பனையும் வாடகையும் 22 சதவீதம் விழுந்துவிட்டது என்றார்கள். மக்கள் இருக்கிற மனச்சோர்வில் அந்த நினைப்பே விட்டுப்போய்விட்டது என்கிற பாணியில் புலம்பினார் ஃபிளின்ட். மந்தத்துக்கு அசையாத தொழில் என்று நம்ம ஆள் கிட்லியில் சத்தியம் செய்கிறார். கடை முதலாளியே அரசாங்கத்திடம் துண்டு ஏந்தி நிற்கிறார். யாரை நம்புவது?

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பிளேபாய். 1971-லேயே நியூயார்க் சந்தைக்கு வந்த கம்பெனி. அதன் ஷேர் சர்டிஃபிகேட்டில் ஒரு அம்மணி சாய்ந்து படுத்திருக்கும் படம் அச்சடித்திருந்தார்கள். ஒரே ஒரு ஷேர் வாங்கி, அந்தக் காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி லண்டன் சூதாட்ட கிளப்புகளிலிருந்து. 1981-ல் அந்த லைசென்ஸ் போனதும் கம்பெனியின் முதுகெலும்பே முறிந்தது. பத்திரிகையைப் பார்த்து ஷேர் வாங்கியவன் உண்மையில் வாங்கியது சூதாட்டக் கடையை.

அப்புறம் டாட்காம் ஜுரத்தில் 1999-ல் இந்த ஷேர் 30 டாலரைத் தாண்டியது. 2008-ல் கம்பெனிக்கு 15 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2009 மார்ச்சில் ஷேர் 2 டாலருக்கும் கீழே. 2011-ல் ஹ்யூ ஹெஃப்னர் ஷேருக்கு 6.15 டாலர் கொடுத்து கம்பெனியைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போனார். 40 வருஷம் சந்தையில் இருந்த கம்பெனியின் கடைசி விலை அது! பத்து வருஷம் கழித்து 2021-ல் பிஎல்பிஒய் என்ற பெயரில் மறுபடி வந்தார்கள். கொரோனா காலத்துப் பணவெள்ளத்தில் 60 டாலரைத் தொட்டது. 2023-ல் ஒரு டாலருக்குக் கீழே போனது. அமெரிக்காவில் அப்போது மந்தம்கூட இல்லை.

பிளேபாய் ஒரு விதிவிலக்கு என்பார்கள். சரி, ஜெர்மனிக்குப் போவோம். பேயாட்டே ஊஸே என்ற அம்மையார், போர்க்காலத்தில் விமானம் ஓட்டியவர், 1962-ல் ஃபிளென்ஸ்பர்க் ஊரில் உலகத்தின் முதல் செக்ஸ் ஷாப்பைத் திறந்தவர். 1999-ல் கம்பெனி ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வந்தபோது 7.20 யூரோவுக்கு ஷேர் கிடைக்காதா என்று அடிதடி. 2017 டிசம்பரில் திவால் மனு. பென்ட்ஹவுஸ் பத்திரிகையைக் கையில் வைத்திருந்த ஃபிரெண்ட்ஃபைண்டர் இன்னும் வேகம். 2011 மே மாதம் 10 டாலருக்கு ஷேர் விற்றது, 2013 செப்டம்பரில் திவால் கோர்ட்டுக்குப் போய்விட்டது. திவாலில் பணம் பிரிக்கும் வரிசையில் ஷேர் வைத்திருப்பவன்தான் கடைசி. பந்தியில் இலை போட்டு, கூட்டு பொரியல் எல்லாம் தீர்ந்த பிறகு உட்காருகிறவன் கதை.

ஏன் இப்படி? பி.காம். முதல் வருஷம் படித்ததையே சொல்கிறேன். டிமாண்ட் என்றால் ஆசை மட்டும் இல்லை. ஆசை இருக்க வேண்டும், கையில் காசு இருக்க வேண்டும், அந்தக் காசை எடுத்துக் கொடுக்க மனசும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் டிமாண்ட். பலான சமாசாரத்தில் ஆசைக்கு என்றைக்கும் குறைச்சல் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2006, 2007-ல் யூபோர்ன், போர்ன்ஹப் என்று இலவசக் கடைகள் திறந்த பிறகு எவன் காசு கொடுப்பான்? 2008 மந்தம் வந்து பர்ஸைச் சுருக்கியபோது பக்கத்திலேயே ஓசியில் கிடைத்தது. பார்க்கிறவர்கள் கூட்டம் ஏறியது, விற்கிறவன் கல்லா காலியானது.

டாஸ்மாக் சரக்கை டவுன்லோடு பண்ண முடியாது சாமி. சிகரெட்டை ஓசியில் காப்பி அடிக்க முடியாது. வரி ஏற ஏற விலையை ஏற்றினாலும் பிடிக்கிறவன் பிடிக்கிறான். 2008-ல் சென்செக்ஸ் பாதிக்குமேல் விழுந்தபோது ஐடிசி அந்த அளவுக்கு விழாததற்குக் காரணம் அதுதான். பாவம் செய்யும் கம்பெனி எல்லாம் ஒரே ஜாதி என்று நினைப்பதில்தான் நம்ம பண்டிதர்கள் சறுக்குகிறார்கள். ஹாங், காஸ்பெர்சிக் என்று இரண்டு பேராசிரியர்கள் 2009-ல் 'பாவத்தின் விலை' என்ற பொருளில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் ஒதுக்கிவைக்கும் பாவப் பங்குகள் மற்றவற்றைவிட நல்ல லாபம் தந்திருக்கின்றன என்று காட்டும் ஆய்வு. பலான ஷேருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதையும் இழுக்கிறார்கள். அந்த ஆய்வில் இருக்கும் பட்டியல் மது, புகையிலை, சூதாட்டம். பலான கம்பெனி அதில் கிடையாது. முழுசாகப் படித்துவிட்டு மேற்கோள் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

இனி நான் சொல்லப்போவது வங்கிக்காரன் கண்ணுக்கு மட்டும் சட்டென்று தெரிவது. இந்தத் தொழிலின் குடுமி கார்டு கம்பெனி கையில் இருக்கிறது. கார்டு தேய்த்து வாங்கும் வியாபாரங்களில் இதை 'ஹை ரிஸ்க்' என்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். காரணம் சார்ஜ்பேக். ராத்திரி ஒரு மணிக்குக் கார்டு நம்பர் போடுகிறவன், மாசக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் வீட்டம்மா கையில் சிக்கியதும் 'ஐயோ இது நான் பண்ணவே இல்லை, கார்டை யாரோ திருடிட்டான்' என்று வங்கிக்கு போன் போடுவான். காசு திரும்பிப் போகும், அபராதம் கடைக்காரன் தலையில். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2000-லேயே 'இந்தச் சங்காத்தமே வேண்டாம்' என்று கும்பிடு போட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய அடி 2020 டிசம்பரில். போர்ன்ஹப்பில் சிறுமிகளின் வீடியோக்களும், சம்மதம் இல்லாமல் ஏற்றப்பட்டவையும் கிடந்ததை நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் எழுதினார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை என்ன ஆனது என்று படித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சில நாளில் விசாவும் மாஸ்டர்கார்டும் கையை விரித்தன. கம்பெனி லட்சக்கணக்கான வீடியோக்களைத் தூக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு கட்டுரையில் வசூல் வழி அடைபட்டுப்போகும் கம்பெனிக்கு என் பிராஞ்சில் ஐந்து லட்சம் ஓவர்டிராஃப்ட் கொடுக்கச் சொன்னால்கூட நான் கையெழுத்துப் போட மாட்டேன். 2021 ஆகஸ்டில் ஓன்லிஃபேன்ஸ் 'இனி அப்பட்டமான படங்களுக்கு இடமில்லை' என்று அறிவித்து, ஒரே வாரத்தில் பின்வாங்கியது நினைவிருக்கலாம். வங்கிகள் கொடுத்த நெருக்கடிதான் காரணம் என்று அதன் தலைமை அதிகாரியே வெளிப்படையாகச் சொன்னார்.

"ஆங்... ஓன்லிஃபேன்ஸ்! கொரோனா மந்தத்தில் அது எப்படி வளர்ந்தது பாத்தீங்களா?" என்று மடக்குவார்கள். வளர்ந்ததுதான். 2024 கணக்கில் ரசிகர்கள் கொட்டிய பணம் 700 கோடி டாலருக்கு மேல், முதலாளிக்குப் போன டிவிடெண்ட் சுமார் 70 கோடி டாலர். அவ்வளவும் ஒரே முதலாளிக்கு. அந்தப் பணம் கொட்டிய வருஷங்களில் அதன் ஒரு ஷேரை எந்தச் சந்தையில் நீங்கள் வாங்கியிருக்க முடியும்? போர்ன்ஹப் கம்பெனியும் அப்படித்தான், தனியார் கைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, 2023-ல் கைமாறியபோதும் இன்னொரு தனியார் கையில்தான் விழுந்தது. கறக்கிற மாட்டை எவனாவது சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருவானா? இந்தத் தொழிலில் சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் மடி வற்றியவை. கொம்பில் பெயிண்ட் அடித்து, கழுத்தில் மணி கட்டி நிறுத்தியிருப்பார்கள்.

ஒரு கம்பெனிக்கு மட்டும் நியாயம் செய்தாக வேண்டும். ஹூஸ்டனில் இருக்கும் ரிக்ஸ் கேபரே, பிற்பாடு ஆர்சிஐ ஹாஸ்பிட்டாலிட்டி. ஆடை அவிழ்ப்பு நடன கிளப்புகள் நடத்துவது. 2007 கடைசியில் 20 டாலருக்கு மேல் இருந்த ஷேர் ஒரே வருஷத்தில் 5 டாலருக்குக் கீழே விழுந்தது. ஆக, இதுவும் மந்தத்தில் அசைந்தது, நன்றாகவே அசைந்தது. 2020 மார்ச்சில் கிளப்பை எல்லாம் மூடியபோது மறுபடி 10 டாலருக்குக் கீழே. ஆனால் அடியில் வாங்கி 2023 தொடக்கம்வரை பொறுத்தவன் 80 டாலருக்கு மேல் பார்த்தான். மறுக்கவில்லை. காரணத்தைப் பாருங்கள்: பல ஊர்களில் புது கிளப்புக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு, கட்டிடமும் நிலமும் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம், வருமானத்தில் பெரிய பங்கு சரக்கு விற்பனை. அதாவது நிலமும் சாராயமும். 2025 செப்டம்பரில் இந்தக் கம்பெனி மீதும் அதன் அதிகாரிகள் மீதும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். விற்பனை வரியைத் தப்பிக்க வரி ஆடிட்டருக்கு ஓசிப் பயணமும் தனி நடனமும் லஞ்சமாகக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி அப்போது மறுத்தது. நாலு டாக்குமெண்ட் சரியில்லை என்றாலே லோன் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறவன் நான், இதை என்ன சொல்ல?

நம்ம நாட்டில் இப்படி ஒரு கம்பெனி லிஸ்ட் ஆகவே முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை உள்ளே, பத்து லட்சம் வரை அபராதம். அதனால் ஆசைப்படுகிறவர்கள் எல்ஆர்எஸ் வழியாக டாலர் அனுப்பி அமெரிக்காவில் வாங்குகிறார்கள். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். போன வருஷம் என் பிராஞ்சுக்கு ஒரு பையன் வந்தான். ஐடி வேலை போய் மூன்று மாசம். அப்பாவின் ரிட்டயர்மெண்ட் பணம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருந்தது, அதை முறித்து அனுப்ப வேண்டும், யாரோ ஒரு டிப்ஸ் குரு சொன்ன 'மந்தத்துக்கு அசையாத' ஷேரில் போட வேண்டும். ஷேர் பெயரைச் சொல்லும்போது அவன் குரலும் ஒரு கட்டை இறங்கியது. அப்பாவின் கையெழுத்து இல்லாமல் டெபாசிட்டைத் தொட முடியாது, அவரையே கூட்டிக்கொண்டு வா, மூவருமாக உட்கார்ந்து பேசலாம் என்றேன். அப்பாவிடம் இன்ன கம்பெனி என்று சொல்லவில்லை போலும், முகம் சிவந்துவிட்டது. இதுவரை வரவில்லை.

வந்தால் மறுக்கவும் எனக்கு வழி கிடையாது. ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்கவோ, தடை செய்யப்பட்ட பத்திரிகை வாங்கவோ டாலர் அனுப்பக் கூடாது. அந்த மாதிரிப் பத்திரிகை போடுகிற கம்பெனியின் ஷேர் வாங்கத் தாராளமாக அனுப்பலாம். ஏ2 படிவத்தில் எஸ் 0001, வெளிநாட்டுப் பங்கு முதலீடு, என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி என்ன தொழில் பண்ணுகிறது என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.