முதலில் எண்ணுவோம், பிறகு அளப்போம்

விண்மீன் திரள்களின் தொலைவைக் கணிக்க நிறமாலையே துல்லியமான வழி. வடிகட்டிகள் வைத்து எடுக்கும் படங்கள் தோராயம்தான் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிறமாலைக்கு, எந்தப் பொருளைப் பார்ப்பது என்று பெரும்பாலும் முன்பே தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்வில் விடுபட்டது வரைபடத்திலும் விடுபடும். ஸ்பெயினின் ஹவலாம்ப்ரே வானாய்வகத்தின் ஜே-பாஸ் கணக்கெடுப்பு இந்தக் குறையைத் தீர்க்கிறது. அதன் 56 வடிகட்டிகளில் 54 குறுகிய அலைநீளப் பட்டைகளை மட்டும் அனுமதிப்பவை. எனவே படத்தில் போதிய ஒளியுடன் பதியும் ஒவ்வொரு திரளுக்கும் சுருக்கமான நிறமாலை கிடைத்துவிடுகிறது; ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்த அளவிலிருந்து தொலைவையும் கணிக்கலாம்.

இத்தனை வடிகட்டிகளை மாற்றிமாற்றிப் படமெடுக்க நேரம் பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒருசேரப் பதிவாகின்றன. எதையும் விடாத கணக்கெடுப்பு முதலில் வேண்டும். நிறமாலைக் கருவிகள் எங்கே திரும்ப வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.