அடங்காத கிருமி

எச்.ஐ.வி. கிருமி மருந்தை எதிர்க்கத் தொடங்கினால், நோயாளி ஒழுங்காக உட்கொள்ளவில்லை எனக் குற்றஞ்சாட்டுவது உதவி வழங்கும் கனவான்களின் வழக்கம். மருந்தே வராதபோது அவன் எதை உட்கொள்வான்? 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியதும் ஆப்பிரிக்காவில் பல சிகிச்சை நிலையங்கள் கதவடைத்தன. பாதியில் நின்ற மருந்தில் இரத்தத்தில் எஞ்சும் சொற்பம் கிருமியைக் கொல்லாது. மாறுதலடைந்த கிருமிக்கே இடங்கொடுக்கும். பிரசவ வேளையில் ஒரே மாத்திரை நெவிராபைன் உண்ட தாய்மார் பலரிடம் முன்னரே கண்ட விபரீதம் இது. இப்பொழுது பெரிதும் நம்பப்படும் டொலுடெக்ராவிரும் தப்பவில்லை. கிருமி மிகுந்திருந்தபோதே அம்மருந்துக்கு மாற்றப்பட்டோரிடையே எதிர்ப்பு 19.6 சதவிகிதம் வரை எட்டியதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2024-இல் அறிவித்தது. அடுத்த வரிசை மருந்துகளோ விலை அதிகம். ஆகவே மருந்துக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வேண்டிய பணத்தை ஆப்பிரிக்க சர்க்கார்கள் தம் பட்ஜெட்டிலேயே ஒதுக்கவேண்டுமென்பது நம் துணிபு.