ஜீவா ஸ்டேஷன்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், பேசின் பிரிட்ஜுக்கும் பெரம்பூருக்கும் நடுவே ஒரு சிறிய நிலையம் வரும். வியாசர்பாடி ஜீவா என்பது பெயர். கோவைக்கும் பெங்களூருக்கும் பறக்கும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மத்தியானத்தில் நடைமேடை வெறிச்சோடிக் கிடக்கும். "நகரத்துக்குள் இத்தனை அமைதியா!" என்று சிலர் மெச்சுகிறார்கள். மெச்ச நமக்கு மனம் வரவில்லை.

இந்த அமைதி எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை இருந்தது. கிராமத்தில் கூலிக்கு வழியற்று வந்த ஏழைகள் அங்கே நெசவாளிகளானார்கள். 1918 ஏப்ரலில் அவர்கள்தான் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிக்கும் அஞ்சாதவர்களை எது முறித்தது? சாதி! ஆதிதிராவிடத் தொழிலாளரும் சாதி இந்துத் தொழிலாளரும் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வெள்ளை முதலாளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தத் தழும்பை நாம் மறைக்கக் கூடாது. 1996இல் ஆலையே மூடப்பட்டது. சங்கொலியும் நின்றது.

ஆனால் தொழிலாளி போய்விடவில்லை, தோழர்களே! விடியற்காலை வண்டியில் பாருங்கள். சோற்றுத் தூக்கோடு அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குப் போகிறவர்கள் யார்? பலர் காண்ட்ராக்ட் கூலிகள். நாளை வேலை உண்டா என்று தெரியாதவர்கள். அவர்களில் ஓர் இளைஞரிடம், "ஜீவா என்பவர் யார், தம்பி?" என்று கேட்டோம்.

"ஸ்டேஷன் பேருங்க" என்றார்.

அவர்மீது நமக்குக் கோபமில்லை. சொல்லாதது நம் குற்றம். பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப.ஜீவானந்தம், 1952இல் வண்ணாரப்பேட்டை மக்கள் சட்டசபைக்கு அனுப்பிய கம்யூனிஸ்ட். தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தவர். 1963 ஜனவரி 18 அன்று மறைந்தார். சாதியை எதிர்த்து இளமையிலேயே கிளம்பியவர் பெயர், சாதியால் ஒரு போராட்டம் முறிந்த இடத்துக்கு அருகில் நிற்கிறது!

வருகிற ஜனவரி 18 அன்று மாலையும் மேடையும் போதாது. காண்ட்ராக்ட் தொழிலாளருக்குச் சங்கம் வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, தோழர்கள் இந்த நடைமேடையில் நிற்கட்டும். முதல் வண்டிக்கே போய்விட வேண்டும். எட்டு மணிக்குப் போனால் பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.